ஆலாவின் வயிற்றில் ஏழு விருந்துகள்

அனார்கான் அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய பசு செத்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் அவளுக்கு ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கை இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த ஐம்பத்தெட்டு வருடமும் அந்தப் பசுவுக்குள்ளேயே போய்க் கிடந்ததை நான் என் இரண்டு கையாலும் வெளியே எடுத்துப் போட்டவன். எங்கள் கோக்புலாக் கிராமத்துக்கும் அக்கம்பக்கத்து மலையடிவார ஊர்களுக்கும் நான்தான் மாட்டு வைத்தியன். பெயர் மேதர்பெக். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்தக் கதையைக் கேட்டுக் கோபம் வராதவன் மனிதனே இல்லை.

மே மாதம், பனி உருகி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். வாயைத் திறப்பதற்கு முன்பே கண் கலங்கியிருந்தது. புருஷன் தாஷ்ராபாத் கணவாயில் லாரியோடு உருண்ட அன்றுகூட அழாதவள்.

"ஆலா அசை போட மாட்டேங்கறா, மேதர். மூணு நாளாச்சு. வயிறு இந்தப் பக்கம் வீங்கிக் கெடக்கு."

"மூணு நாள் என்ன பண்ணிட்டிருந்த? ரஷ்யாவுல இருக்கற உன் மகன் எமிலுக்கு ஃபோன் பண்ணி யோசனை கேட்டியா?"

"திட்டறத அப்பறமா திட்டு. இப்ப பைய எடுத்துட்டு வா."

ஆலா வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் பசு. அந்தப் பசுவின் பாலில்தான் அக்கா மகனைப் படிக்க வைத்தாள், பிறகு மகன் வேலை தேடிப் போன பின்பு தன் அடுப்பை எரிய வைத்தாள். பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கும் பஜாருக்கும் தயிர் போவது அவள் வீட்டிலிருந்துதான். கொட்டிலில் ஆலாவின் மகள், இரண்டு வயதுக் கிடாரி, முதல் சினையோடு நின்றது. ஆக அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் என்றால் ஆலா ஒருத்தி, வரப்போகிறவள் அந்தக் கிடாரி.

இடது பக்கத்தில் கை வைத்து அழுத்தினேன். மாவு மூட்டையை அழுத்தின மாதிரி இருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு, விலாவைக் கிழித்து, பெருவயிற்றைத் திறந்தேன். அக்கா ஆலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே புல் இல்லை. பைகள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கயிறு மாதிரி, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பிண்டம். முழங்கை வரை விட்டு இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் விருந்துக்குப் போய் வெறும் கையோடு யாரும் திரும்ப மாட்டார்கள். கல்யாணமோ, சுன்னத்தோ, தொட்டில் போடுவதோ, எழுபது வயதோ, எதுவானாலும் வயதுக்கும் உறவுக்கும் ஏற்ற எலும்போடு கறி தட்டில் வரும். அங்கே கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை வீட்டில் இருக்கிறவர்களுக்கு எடுத்துப் போக வேண்டும். அந்தப் பங்கைக் கெஷிக் என்போம். கெஷிக் இல்லாமல் விருந்தாளியை அனுப்பிய வீடு ஏழு தலைமுறைக்குப் பேச்சு வாங்கும். அதனால் ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் பை. பையில் வீட்டுக்காரன் பெயர், விசேஷத்தின் பெயர், தேதி, சில சமயம் போட்டோ. கறியைப் பையில் போட்டு, போர்சோக் என்கிற பொரித்த ரொட்டியும் மிட்டாயும் மேலே கொட்டி, எல்லாரும் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். கறி வீட்டோடு முடிந்தது. பை காற்றோடு போகும். உப்பும் கொழுப்பும் ஊறிய பை மாட்டுக்கு அல்வா. புல்லை விட்டுவிட்டு அதைத் தேடித் தின்னும்.

அக்கா ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் அலசி விரித்தாள். பெயர் தெரிந்தது. உரக்கப் படித்தாள்.

"'சமத்பெக் தொட்டில் விருந்து.' இதுக்கு நான்தான் தேத்தண்ணி ஊத்தினேன். 'கூலிபா அம்மா எழுபது.' 'புது வீட்டுக்கு வாங்க.' அட, இங்க பாரு, 'மேதர்பெக் பேரன் சுன்னத்.'"

"என் வீட்டு விருந்துதான். ஒத்துக்கறேன். நானும் எல்லாரையும் போல ஒரு முட்டாள்தான்," என்றேன். நாற்றம் தாங்கவில்லை. கையில் வந்த இன்னும் நாலு பையை அலசக்கூட விடாமல், பக்கத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் எறிந்தேன்.

மிச்சத்தை அவள் படித்துக்கொண்டே போனாள். ஏழு விருந்து. ஏழாவதாக வந்த பை பழையது, சாயம் போனது, அடியில் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. அதை விரித்ததும் அக்கா படிக்கவில்லை. நான்தான் எட்டிப் பார்த்தேன். இரண்டு புறா, நடுவில் ஒரு இதயம், கீழே: எமில் – ஜில்திஸ்.

அவள் மகனுடைய கல்யாணம். பதினாலு வருடத்துக்கு முன்னால். கோக்புலாக்கில் பையில் பெயர் அச்சடித்துக் கொடுத்த முதல் விருந்து அதுதான். அதற்கு முன்பு அவரவர் தலைத்துணியிலோ, தட்டிலோ கட்டிக்கொண்டு போவார்கள், பாதிக் குழம்பு வழியிலேயே போகும். விருந்து வேலைக்கு இந்தப் பக்கத்தில் அனார்கானை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அவளைக் கூப்பிட்டுக் கெஷிக் கட்டும் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். முந்நூறு பேருக்கும் முகம் பார்த்துப் பங்கு வைப்பாள், ஒரு மனத்தாங்கல் வராது. தன் மகன் கல்யாணம் எல்லாருக்கும் மேலே இருக்க வேண்டும் என்று நாரின் நகரத்துக்கே போய்ப் பை அச்சடித்து வந்தாள். ஊரே மெச்சியது. அடுத்த மாதமே இன்னொருத்தன் அதைவிடப் பெரிய பையில் அச்சடித்தான். அப்புறம் ஒவ்வொருத்தனும் அவன் அப்பனும் அச்சடித்தார்கள்.

"ஆலா பழைய குப்பை மேட்டக் கிளறியிருப்பா," என்றேன். சமாதானம் சொல்ல எனக்கு வராது.

"என் பையத்தான் நான் என் மாட்டுக்கு ஊட்டியிருக்கேன்," என்றாள் அக்கா. "தச்சு முடி."

தைத்தேன். என் தையல் முடிச்சு எங்கள் கல்லூரியில் ஒரு கிழட்டு வாத்தியார் கற்றுக்கொடுத்தது, இரண்டு சுற்று இப்படி, ஒரு சுற்று எதிர்ப்பக்கம், பிறகு மறுபடி இரண்டு. அவிழவே அவிழாது. முப்பது வருடமாகப் போட்டுப் போட்டு, செருப்புக் கயிறானாலும் மூட்டை வாயானாலும் என் விரல் அதைத்தான் போடும். ஆலாவுக்குப் பதினெட்டுத் தையல். முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. மூன்றாம் நாள் மாடுதான் செத்துப்போனது.

அதன் பிறகு அக்கா கிடாரியை அவிழ்த்துவிடவே இல்லை. முற்றத்தில் கட்டிப்போட்டு, விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு மலையேறிப் புல் அறுத்து வந்து போட்டாள். ஐம்பத்தெட்டு வயதில். அவளுக்கு மூட்டு வலி வேறு. "இப்படி எத்தன நாளைக்குக்கா?" என்று கேட்டேன்.

"கன்னு போடற வரைக்கும்."

"அதுக்கப்பறம் குளிருக்குக் காய்ஞ்ச புல்லு? அதையும் நீயே அறுத்துச் சேர்ப்பியா? மேய்ச்சலுக்கு விடாம மாடு வளக்க முடியாது. சினை மாடு நடக்கணும். நிக்க வச்சே கொல்லப் போறியா?"

"வாய்க்கால் மேட்டுல ஒரு வாரம் பை இல்லாம இருந்தா விடறேன்."

வாய்க்கால் மேடுதான் ஊருக்கெல்லாம் மேய்ச்சல். விருந்துக் கூடாரம் போடுகிற சமவெளியும் அதையொட்டித்தான். அந்தக் கோடையில் அடுத்த பெரிய விருந்து சகின்பாயின் அம்மாவுக்கு எண்பது. சகின்பாய் ஆட்டு வியாபாரி, பெட்ரோல் பங்கும் வைத்திருக்கிறான். அறுநூறு பேரை அழைத்திருந்தான். அறுநூறு பை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அக்கா கிளம்பினாள். நானும் கூடப் போனேன், சண்டை வந்தால் ஓர் ஆள் வேண்டாமா?

சகின்பாய் தன் வாசலில் அச்சாகி வந்த பைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அழகான பைதான். தங்க நிறத்தில் வளைவெழுத்து, நடுவில் அவன் அம்மா துர்துகானின் சிரித்த முகம், எங்கள் பக்கத்துக் கிழவிகள் கட்டுகிற வெள்ளைத் தலைப்பாகையோடு.

"வாக்கா! உன்னத்தான் தேடிட்டிருந்தேன். கெஷிக் உன் பொறுப்பு. வேற யாரையும் நம்ப மாட்டேன்."

"வைக்கறேன். ஆனா பை கிடையாது. வர்றவங்க மூடி போட்ட பாத்திரம் கொண்டு வரட்டும்னு சொல்லி அனுப்பு."

அவன் சிரித்த சிரிப்பில் கட்டு சரிந்தது. "என் அம்மா எண்பதுக்கு ஊரு தூக்குவாளி தூக்கிட்டு வரணுமா? பஞ்சக் கஞ்சியா ஊத்தறேன் நான்?"

"ஆலா எப்படிச் செத்தான்னு தெரியுமில்ல?" என்றேன் நான்.

"தெரியும். பாவம். ஒரு கன்னுக்குட்டி வேணும்னா சொல்லு, நான் தர்றேன்."

"கன்னுக்குட்டிய எங்கடா மேய விடறது, உன் தலையிலயா?" என்று கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

சகின்பாயின் முகம் மாறியது. மரியாதை போகவில்லை, ஆனால் குரலில் ஊசி ஏறியது. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இந்த ஊர்ல மொத மொதல்ல பைய அச்சடிச்சுக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப உன் மகன் கல்யாணத்துக்குப் பெருமை வேணும், என் அம்மாவுக்கு வேணாமா?"

"நான் செஞ்சதாலதான்டா உன்கிட்ட வந்து நிக்கறேன். செய்யாதவளா இருந்தா உன்னத் திட்டிட்டு வீட்லயே கெடந்திருப்பேன்."

அவன் சரிந்த கட்டைத் திரும்ப அடுக்கினான். அக்கா குனிந்து ஒரு பையை எடுத்து, துர்துகான் அம்மாவின் முகத்தைத் தடவினாள். "நல்லா வந்திருக்கு போட்டோ. இந்த மூஞ்சி எந்தக் குழியில கெடக்கும்னு யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டு, பையை மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

விருந்துக்கு அக்கா போகவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவை ஒரு பெரிய விருந்தில் கெஷிக் வைக்க வேறு ஆள். நான் போனேன். போகாமல் முடியாது, என் மனைவிக்குத் துர்துகான் தூரத்துச் சித்தி. விருந்துக் கறிக்குச் சகின்பாய் மூன்று குதிரை அடித்திருந்தான். பாட்டு, பட்டாசு, வானத்தில் எண்பது பலூன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது, ஆனாலும் தின்றேன். கிளம்பும்போது சகின்பாயின் மருமகள் சிரித்துக்கொண்டே பையை நீட்டினாள். வாங்காமல் வந்தால் எண்பது வயது மனுஷியை அவமதித்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை நீட்டியது நான்தான்.

மறுநாள் காலை மலையிலிருந்து காற்று இறங்கியது. அக்கா ஒரு சாக்கோடு வாய்க்கால் மேட்டில் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தாள். நானும் இன்னொரு சாக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

பார்த்த இடமெல்லாம் துர்துகான். முள்செடியில் துர்துகான், வாய்க்கால் மதகில் துர்துகான், பாதி கிழிந்து ஒரு கண்ணோடு சேற்றில் துர்துகான். ஒரு நாய் ஒரு துர்துகானின் கன்னத்தை நக்கிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏற்கெனவே ஐந்தாறு மாடு வாயசைத்துக்கொண்டு நின்றது.

நான் சும்மா வரவில்லை. திட்டிக்கொண்டே பொறுக்கினேன். "இவனுங்களுக்கெல்லாம் அறிவே கெடையாதா? தின்னத் தெரியுது, ஒரு பைய மடிச்சு வைக்கத் தெரியல. படிச்சவன், படிக்காதவன் எல்லாம் ஒரே கும்பல். ஒவ்வொருத்தன் வீட்டு வாசல்லயும் போய்க் கேக்கணும்."

"கேப்போம்," என்றாள் அக்கா. வாய்க்கால் ஓரத்தில் கிடந்த ஒரு பையை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, அதைச் சாக்கில் போடாமல் மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போட்டோ நன்றாக இருந்திருக்கும், துர்துகானுக்குக் காட்ட எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் இரண்டு சாக்கு நிறைந்தது. அக்கா நேராகச் சகின்பாயின் வீட்டுக்குப் போனாள். அவன் வீட்டைச் சுற்றி நீளமான கம்பி வேலி. சாக்கைக் கவிழ்த்து, ஒவ்வொரு பையாக எடுத்து, முகம் தெருவைப் பார்க்கும்படி கம்பியில் கட்ட ஆரம்பித்தாள். நான் பையை விரித்து விரித்து நீட்டினேன். ஜனம் கூடியது. யாரும் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. ஒருத்தன் மட்டும் "அக்காவுக்குப் பசு போனதுல புத்தி போச்சு" என்றான். "உனக்கு இருந்தா கொஞ்சம் கடன் குடு," என்றேன்.

சகின்பாய் ஓடிவந்தான். "என் அம்மா மானத்த வாங்கறியா அக்கா? நேத்துதான் விருந்து வச்சிருக்கேன்!"

"நான் வாங்கல. வாய்க்கால்ல கெடந்தத வீட்ல கொண்டுவந்து சேக்கறேன். உன் அம்மாதானே, நீயே வச்சுக்க."

சத்தம் கேட்டுத் துர்துகான் அம்மாவே கைத்தடியோடு வெளியே வந்தாள். வேலியைப் பார்த்தாள். இருநூறுக்கும் மேல் அவள் முகம், சேறும் கொழுப்புமாகக் காற்றில் படபடத்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வேலியோரம் நடந்தாள். ஒரு பையில் கன்னத்தில் பல் பதிந்திருந்தது.

"ஏன்டா," என்றாள் மகனைப் பார்த்து, "என்னத் தின்னுட்டு நாய்க்கு எறிஞ்சிருக்காங்களே. இதுக்கா எனக்குத் தலைப்பா கட்டிப் போட்டோ புடிச்ச?"

"அம்மா, அது ஜனங்க செஞ்சது..."

"ஜனங்க கையில குடுத்தது யாருடா?"

சகின்பாய் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு மனம் குளிர்ந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். கூட்டத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முறைத்தேன். உன் பை, உன் பை, உன் பையும்தான்.

சாக்கு காலியானது. அக்கா தன் தலைத்துணியின் முனையை அவிழ்த்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த பழைய பை, இரண்டு புறா, ஒரு இதயம். ஆலாவின் வயிற்றிலிருந்து வந்ததை எறியாமல் வைத்திருந்திருக்கிறாள். அதை வேலியின் முதல் கம்பத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் கட்டினாள். "இது என்னோடது," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான் ஆரம்பிச்சேன்."

பிறகு மேல்சட்டைக்குள் கையை விட்டு, காலையில் எடுத்து வைத்த பையை என்னிடம் நீட்டினாள்.

"இத நீயே கட்டு, மேதர்."

வாங்கிப் பார்த்தேன். துர்துகானின் முகத்துக்குக் குறுக்கே கத்தியால் நீளமாகக் கிழித்திருந்தது. பையின் வாய் கட்டியபடியே இருந்தது. இரண்டு சுற்று இப்படி, ஒரு சுற்று எதிர்ப்பக்கம், மறுபடி இரண்டு.

வண்டியில் குழம்பு ஒழுகாமல் இருக்க நான் எப்போதும் பை வாயைக் கட்டிவிடுவேன். என் முடிச்சு அவிழாது. அதனால் வீட்டுக்குப் போனதும் பையைக் குறுக்கே கத்தியால் கிழித்துக் கறியை எடுப்பேன். தின்று முடித்ததும் எலும்பைப் பையோடு சேர்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாய்க்கு எறிவேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் வாய்க்கால். முப்பது வருடமாக மாட்டு வயிற்றுக்குள் கையை விடுகிறவன், எறிவேன்.

"ஆலாவுக்குத் தையல் போட்டப்ப உன் கையத்தான் பார்த்துட்டிருந்தேன்," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. "அன்னிக்கு நாலு பைய மட்டும் அலச விடாம ஏன் அடுப்புல போட்ட?"

நாற்றம் தாங்கவில்லை என்று உங்களிடமும் சொன்னேன். பொய். ஒன்றைப் பார்த்ததுமே முடிச்சு தெரிந்துவிட்டது. அவள் மடியில் மாட்டின் தலை இருந்தது, கண் என் கையில் இருந்தது, நான் எரித்துவிட்டேன். அதன் பிறகு மூன்று மாதம் அவளோடு சேர்ந்து ஊரைத் திட்டினேன். ஊரைத் திட்டத் திட்ட எனக்கு நான் நல்லவனாகத் தெரிந்தேன். சகின்பாய் விருந்து முடிந்த ராத்திரியும் எறிந்தேன். இதைவிடக் கேவலமான ஒருத்தனை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை, அவன் மீது எனக்கு வருகிற கோபத்துக்குப் பெயர் கிடையாது.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமாக்கா?"

"அது உன் இஷ்டம். கட்டு."

அவளுடைய பைக்குப் பக்கத்தில் கட்டினேன். "இது என்னோடது," என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "ஆலா வயித்துல இருந்ததுலயும் நாலு என்னோடது." சகின்பாய்தான் முதலில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

அக்டோபரில் கிடாரி கன்று போட்டது, பெண் கன்று, அதற்கும் நெற்றியில் திட்டு இருக்கிறது. கன்று போடுகிற வரைக்கும் காலைப் புல்லை நான்தான் அறுத்துப் போட்டேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. விருந்துகளுக்கு அவளை மறுபடி கூப்பிடுகிறார்கள். பாத்திரம் கொண்டு வந்தால்தான் கெஷிக் வைக்கிறாள். பாதிப் பேர் கொண்டு வருகிறார்கள், மீதிப் பேர் பின்னால் போய்த் திட்டுகிறார்கள். மேட்டில் பை இன்னும் முழுசாகக் குறையவில்லை.

பை கட்டிய அன்றைக்கே துர்துகான் அம்மா வேலியிலிருந்த பைகளை எல்லாம் கழற்றி எரிக்கச் சொன்னாள். மருமகள்கள் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அக்காவுடைய புறாப் பையும் அவிழ்ந்தது. என்னுடையதை மட்டும் அவிழ்க்க வரவில்லை. பையைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள், முடிச்சு இன்னும் கம்பியில் இருக்கிறது. பெட்ரோல் பங்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நான் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.